தமிழ்ப் பெயரும் சிரிக்கட்டும்

அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள் அழைப்பிதழ் செய்தேன். ஆங்கிலப் பெயர் குண்டு குண்டாகச் சிரிச்சுது. கீழே தமிழ்ப் பெயர் வரி நோட்டீஸ் மாதிரி விறைச்சுக்கொண்டு நின்றது. காரணம் சிம்பிள்: அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. கணினி கையில் அகப்பட்ட வேறொன்றைப் போட்டுவிட்டது.

பிறகு 'பலூ தம்பி 2' போட்டேன். மும்பை 'ஏக் டைப்' வடிவமைத்தது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே தடிமன், ஒரே உருண்டை முனை. மலையாளத்துக்குச் 'சேட்டன்', தெலுங்குக்குத் 'தம்முடு' என்று சகோதரர்களும் இருக்கினம்!

தலைப்புக்கும் பெயருக்கும் மட்டும் போடுங்கோ. தடிச்ச கோட்டில், சின்ன சைஸில், 'ண', 'ஞ' சுழிகள் அடைச்சுப் போகும்.

அடுத்த முறை எழுத்துரு தேடும்போது, முதலில் தமிழ்ப் பெயரை டைப் பண்ணிப் பாருங்கோ.