அம்மா சேந்திய தண்ணீருக்கு என்ன கணக்கு?

போன மாதம் ஒரு சாயங்காலம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என் அம்மாவிடம் கேட்டாள்:

"அமுச்சி, அந்தக் காலத்துல தினமும் எத்தனை வாளி தண்ணி சேந்துவீங்க?"

"அம்பது வாளி இருக்கும் கண்ணு. சமையலுக்கு, துணிக்கு, மாட்டுக்குன்னு எல்லாத்துக்கும் கிணத்துத் தண்ணிதானே! அன்னூர்ப் பக்கம் நம்ம கிணறு அறுபது அடி."

உடனே கணக்குப் போட்டாள். தூக்கும் பொருளின் கிலோவை 9.8-ஆல் பெருக்கி, அதை உயரத்தின் மீட்டரால் பெருக்கினால் வேலை எத்தனை 'ஜூல்' என்று வந்துவிடுமாம். வாளியும் தண்ணீரும் 10 கிலோ. அறுபது அடி என்பது சுமார் 18 மீட்டர். ஒரு வாளிக்கு 1,764 ஜூல். ஐம்பது வாளிக்கு 88,200. ஒரு யூனிட் மின்சாரமோ 36 லட்சம் ஜூல்!

"அமுச்சி, நீங்க நாப்பது நாள் சேந்தினாத்தான் ஒரு யூனிட் கரண்ட்! சாப்பாட்டுக் கணக்குல ஒரு நாளைக்கு 21 கலோரி. அரை இட்லிதான்!"

அம்மா சிரிக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, கூன் விழுந்த முதுகோடு எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் மகளோடு உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படித்தேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் மேலே ஏறிய பாரத்தை மட்டுமே அது எண்ணுகிறது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமதரையில் அரை மைல் நடந்தாலும், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலை பூஜ்யம்தானாம்! அசையாமல் சுமந்து நின்றாலும் பூஜ்யம். உடம்பு அப்படி விடுமா? சும்மா பிடித்திருப்பதற்கும் தசைகள் இறுகி, சக்தியைச் செலவழிக்கின்றன. அதுவும் போக, தசை செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கு உள்ளாகத்தான் வேலையாக மாறுகிறது. மீதி உடம்புச் சூடாகப் போய்விடுகிறது. ஆக, அரை இட்லி என்பது இரண்டு இட்லியைத் தாண்டிவிடுகிறது. ராட்டினம் இருந்தாலும் பாரம் குறையாது. கீழ்நோக்கி இழுக்கலாம் என்ற சௌகரியம்தான்.

நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இதே வேலையைக் கவலை பூட்டிய எருதுகள் செய்தன. அவை கிணற்றோரச் சரிவில் இறங்க இறங்க, பறி நிறையத் தண்ணீர் மேலே வரும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடு முதலானோரின் முயற்சியால் கோவையிலேயே மின் மோட்டார் தயாரானது. எருதின் பாரத்தை மோட்டார் வாங்கிக்கொண்டது. குடத்தின் பாரம் மட்டும் வெகுநாள் பெண்கள் இடுப்பிலேயே இருந்தது.

இன்னொரு விஷயமும் புரிந்தது. சில வருஷங்களுக்கு முன் நிறைந்த காஸ் சிலிண்டரை ஒரு படி ஏற்றப்போய், மூன்று வாரம் படுத்துவிட்டேன். சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, படி அரை அடி. கணக்குப்படி 44 ஜூல்தான்! பின் முதுகு ஏன் பிடித்தது? குனிந்து, கையை நீட்டித் தூக்கியதால்தான். முதுகுத் தசை முதுகெலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. பாரம் 50 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் தசை பத்து மடங்கு இழுக்க வேண்டும். பத்துக் கிலோ குழந்தைக்கு நூறு கிலோ இழுப்பு!

ஆகவே இளம் தாய்மார்களே, குழந்தையோ குடமோ, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். காலை நகர்த்தித் திரும்புங்கள். அரிசி டப்பாவைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் வையுங்கள். பெரிய பாத்திரத்தை இரண்டாகப் பிரித்துத் தூக்குங்கள். சிலிண்டரை வீட்டு ஆண்கள் நகர்த்தட்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மகள் திருத்திய கணக்கை எடுத்துக்கொண்டு அமுச்சியிடம் போனாள். "ரெண்டு இட்லிக்கு மேலயே வருது அமுச்சி. நான்தான் பாதியில நிறுத்திட்டேன்."

அம்மா இப்போது சிரித்தார். "அந்த இட்லிக்கு ஆட்டுக்கல்லுல மாவாட்டுனது யாரு கண்ணு? அதையும் எழுதிக்கோ."