பேய் அல்ல, நோய்

மூணாறுக்கு அருகே உள்ள ஊர் சித்திரபுரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டம். அங்கே லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் பல வருடமாகக் குடிப்பவர். ஒரு வாரமாக அவர் பகலில் தூங்குகிறார். இரவில் விழித்திருக்கிறார். பேச்சு குழறுகிறது. கையை நீட்டினால் படபடக்கிறது. இன்று என்ன கிழமை என்று தெரியவில்லை.

“பேய் பிடித்துவிட்டது. மந்திரிக்க வேண்டும்” என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

இது பேய் அல்ல. நோய். இந்த நோய்க்கும் குடலுக்கும் தொடர்பு உண்டு.

நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் நமக்கு நன்மையே செய்கின்றன.

பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் புரதம் உண்டு. புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. உடல் வளர இவை தேவை. நுண்ணுயிர்களும் கொஞ்சம் அமினோ அமிலத்தைச் சிதைக்கின்றன. அப்போது அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு.

இது எல்லோர் குடலிலும் நடக்கிறது. பிறகு ஏன் நமக்கு ஒன்றும் ஆவதில்லை?

கல்லீரல் நம்மைக் காக்கிறது. குடலிலிருந்து இரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. யூரியா சிறுநீரில் வெளியேறுகிறது.

பல வருடம் குடித்தால் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடும். அதனால் வேலை செய்ய முடியாது. அம்மோனியா மூளைக்குப் போய்விடும். புத்தி தடுமாறும். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசமாகும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. லாக்டுலோஸ் என்ற இனிப்பான மருந்து. இது அம்மோனியாவை மலத்தோடு வெளியேற்றுகிறது. தில்லியில் ஜி.பி. பந்த் மருத்துவமனை மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். முடிவை 2009ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இந்த நோய் வந்து தேறியவர்களைக் கவனித்தார்கள். இந்த மருந்தைக் குடித்த 61 பேரில் 12 பேருக்கு நோய் திரும்பியது. குடிக்காத 64 பேரில் 30 பேருக்குத் திரும்பியது.

“பருப்பும் முட்டையும் ஆகாது” என்று நாமாக நிறுத்தக் கூடாது. நோயாளியைப் பட்டினி போட்டால் சதை கரையும். நோய் கூடும். உணவு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தூக்க மாத்திரை நாமாகக் கொடுக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மந்திரிப்பதில் ஓர் இரவு போனாலும், உயிர் போகலாம். குடியை இன்றே விட்டால், மீதி இருக்கும் கல்லீரலையாவது காப்பாற்றலாம்.