ஒரு லிட்டர் என்பது எத்தனை டம்ளர்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபின், எண்ணூர்ப் பக்கம் நோயுற்றோரைக் காணச் சென்றிருந்தோம். ஓரில்லத்தில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. பாட்டியார் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரே டம்ளர் நீரில் கலக்கிக்கொண்டிருந்தார். "ஒரு லிட்டரில் கரைக்கும்படி அச்சிட்டிருக்கிறதே, அம்மா" என்றோம். "லிட்டருக்கு எங்கே போவேன் சாமி? படி, ஆழாக்குன்னா தெரியும்" என்றார்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று அளந்தவர்கள் நம் முன்னோர். ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவுகளைக் கொணர்ந்தது. அடுக்களைக்குள் அவை இன்னும் முழுமையாக நுழைந்தபாடில்லை. சமையற் குறிப்புகளில் வரும் 'கப்'பும் அமெரிக்காவில் ஏறத்தாழ 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. கேக் சற்று இறுகினால் கிறிஸ்துமஸ் கெட்டுவிடாது, மருந்து அப்படியன்று. நீர் குறைந்தால் குழந்தையின் இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பே வரலாம். நீர் மிகுந்தால் பயன் குன்றும்.

அவ்வீட்டில் கடைத் தண்ணீர் வந்த ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று கிடந்தது. அதை நிரப்பி டம்ளர்களில் ஊற்றினோம். ஆறு டம்ளர் நிரம்பி, ஏழாவதில் முக்கால் வரை வந்தது. ஆகவே அந்த டம்ளர் ஏறத்தாழ 150 மில்லி. பாட்டியார் கலக்கியதோ ஏறக்குறைய ஏழு மடங்கு கடுமையான கரைசல்! அதைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் புதுப் பொட்டலத்தைக் கரைத்தோம். (200 மில்லிக்குரிய சிறு பொட்டலமும் விற்கிறது, உறையைப் படித்த பின்னரே பிரிக்க வேண்டும்.) பாட்டில் இல்லாத வீட்டில் அரை லிட்டர் பால் உறையை அளந்து, வந்த கணக்கை இரட்டித்துக்கொள்ளலாம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிறு போனபின்னும் 50 முதல் 100 மில்லி. அதாவது 5 மில்லித் தேக்கரண்டியால் பத்து முதல் இருபது, சிறிது சிறிதாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் தொடரலாம். 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை சோர்ந்து கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

1971-இல் வங்க அகதிகள் குவிந்த பன்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் கொடுத்தபோது, முப்பது விழுக்காடாயிருந்த காலராச் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அங்கே கரைசலைக் குழந்தைகளுக்கு ஊட்டியவர்களில் பெரும்பாலோர் உறவினரே.

மறுவாரம் சென்றபோது குழந்தை தவழ்ந்து விளையாடிற்று. பாட்டியார் அந்தப் பாட்டிலைக் கழுவி அலமாரியில் வைத்திருந்தார்.