வேரோடு பார்க்க வேண்டிய காளான்

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டின் நிறம் மாறினால் நஞ்சு, புழு அரித்திருந்தால் நல்லது: காளானைச் சோதிக்க ஊர்தோறும் சொல்லப்படும் இந்த வழிகளில் ஒன்றையும் நம்ப முடியாது. காளான் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான அமாட்டாக்ஸின் என்ற நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்யாது, கொதித்தாலும் முறியாது. அது உள்ள காளானை நத்தைகள் தாராளமாகத் தின்கின்றன. சிறிது தின்று பார்த்துக் காத்திருப்பதும் வீண். வாந்தியும் பேதியும் தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும். பிறகு உடம்பு தேறியதுபோலத் தோன்றும் வேளையில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். எல்லா நஞ்சுக்கும் பொதுவான அடையாளம் இல்லாதபோது, நாம் அறிய வேண்டியது உண்ணும் காளானின் முழு உருவத்தைத்தான்.

நம் ஊர்ப் புற்றுக்காளானையே எடுத்துக்கொள்வோம். கரையான்கள் மண்ணுக்கடியில் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து அது மேலே வருகிறது. மண்ணைத் துளைக்க வேண்டியிருப்பதால் குடையின் நடுவில் கூர்மையான முகடு இருக்கும். தண்டு கீழே போகப்போக மெலிந்து, நீண்ட வேர்போல கரையான் கூடுவரை இறங்கும். குடையை வெள்ளைத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் படியும் வித்துத்தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். புல்வெளிகளில் முளைத்துப் பலரை ஏமாற்றும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் காளானுக்கு இந்த வேர் கிடையாது. தண்டில் வளையமும் குடைமேல் பழுப்புச் செதில்களும் உண்டு, தூள் பச்சையாகப் படியும். ஆனால் இளசாக இருக்கையில் அதன் செவுள்களும் வெள்ளைதான். பச்சை தெரியவில்லை என்று துணிந்தவர்கள் கடும் வாந்தி பேதியில் விழுகிறார்கள். அமாட்டாக்ஸின் உள்ள அமானிட்டா வகைக் காளான்களின் அடித்தண்டிலோ, மண்ணுக்குள் மறைந்த பை போன்ற உறை இருக்கும். மேலோடு கிள்ளிப் பறித்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும்.

தலைமுறைகளாகத் தின்றவர்களுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அவர்களுடைய அறிவு கரண்டிச் சோதனையைவிடப் பன்மடங்கு மேலானது. எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பின், எந்த உருவில் வரும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்த அறிவு அந்த நிலத்துக்கு உரியது. பழக்கம் மட்டும் காப்பதும் இல்லை: 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு இறந்த பத்துக்கும் மேற்பட்டோரில் பலர் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள், காளான் சமைப்பது அவர்களுக்குப் புதிதல்ல. புற்றருகே முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் ஆகாது. கூட்டமாய் முளைக்கும் சிறு புற்றுக்காளான் வகைக்கு நீண்ட வேர் இருப்பதில்லை என்ற மறுப்பும் சரியே. ஆனாலும் வேர், முகடு, தூள், இடம் ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும் என்கிறேன். ஒன்று இடித்தாலும் விட்டுவிட வேண்டும், அந்தச் சிறு வகையை இழக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. சாலையோரத்தில் விற்பவர்களும் அடித்தண்டை நறுக்காமல் மண்ணோடு வைத்து விற்கட்டும், வாங்குபவர் பார்த்து வாங்குவார்.