கம்பெனிகள் வரலை... வயலைத் தோண்டிய விவசாயிகள்! இங்கிலாந்து கிராமங்களுக்கு அதிவேக இணையம் கிடைத்தது எப்படி?

வீடியோ ஓடாம சுத்திக்கிட்டே இருந்தா நமக்கு எவ்வளவு கடுப்பாகும்? வடக்கு இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் பல வருஷமா இதுதான் நிலைமை. ஒரு கட்டத்தில் ஊர் மக்களே களத்தில் இறங்கிட்டாங்க.

கம்பெனிகள் ஏன் வரவில்லை?

ஃபைபர் இணைப்பில் பெரிய செலவு கேபிள் அல்ல, அதைப் புதைப்பதுதான். அனுமதி வாங்கணும், ரோட்டைத் தோண்டணும், மறுபடி மூடணும். நகரத்தில் ஒரு தெருவைத் தோண்டினால் வரிசையாக வீடுகள் கிடைக்கும். இங்கே ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வெறும் வயல்தான். போட்ட பணம் திரும்பாது என்பது கம்பெனிகளின் கணக்கு.

ஊர் மக்கள் போட்ட கணக்கு என்ன?

2011-ல் 'பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த்' என்ற சமூக நல அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக 'பார்ன்'.

ரோட்டுக்குப் பதில் வயல் வழியாகக் குழாய் பதித்தார்கள். நிலக்காரங்க இதற்குக் காசு கேட்கவில்லை. விவசாயிகள் சொந்த டிராக்டர், பொக்லைனோடு வந்தார்கள். முடி போல மெல்லிய கண்ணாடி இழைகளை ஒட்டும் வேலையையும் தன்னார்வலர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

மக்களே பங்கு வாங்கினார்கள். தோண்டியவர்களுக்கு உழைப்பே பங்காக வரவு வைக்கப்பட்டது. யார் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். லாபம் ஊருக்கே செலவாக வேண்டும் என்பது விதி.

பலன் என்ன?

நொடிக்கு 1,000 மெகாபிட் வேகம். டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் அதே வேகம்தான். ஆரம்பத்தில் மாதக் கட்டணம் 30 பவுண்ட்.

சிக்கலே இல்லையா?

இருக்கு. ஒரு நிலக்காரர் மறுத்தாலும் பாதையைச் சுற்றித்தான் கொண்டுபோகணும். ஊருக்குள் தோண்டினால் மட்டும் போதாது. வெளியுலகோடு சேர்க்கும் பெரிய இணைப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். கேபிள் அறுந்தா சரிசெய்ய ஆள் வேணும். ஊர் ஒன்றுசேராத இடத்தில் இந்தத் திட்டம் நகராது.

அதனால்தான் அங்கே ஒரு புது ஊருக்கு இணைப்பு வேணும்னா, முதல் வேலை நிலக்காரங்க வீட்டுக் கதவைத் தட்டுவது. தோண்டுறதெல்லாம் அதுக்கப்புறம்தான்!