கெண்டைக்குப் பிடித்த இரை எது?

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு கட்டண மீன்பிடிக் குளம். ரொட்டித் தூளையும் தவிட்டையும் தேங்காய்ப்பாலில் பிசைந்து உருட்டிப் போட்டால் ரோகு மீன் கடிக்கிறது. அதே உருண்டையைக் குளிர்காலத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் தக்கை அசையாமல் போகலாம். இரை அதேதான், மீனும் அதே கெண்டைக் குடும்பம்தான். பிறகு எது மாறியது?

உதட்டிலேயே ருசி

நமக்கு நாக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் கெண்டைக்கு உதடுகளிலும், வாயோர மீசைகளிலும், வாய்க்குள்ளும் இருக்கின்றன. தொட்டாலே ருசி தெரிந்துவிடும். சாதாக்கெண்டை சேற்றோடு இரையை உறிஞ்சி, வாய்க்குள்ளேயே உணவைப் பிரித்து வைத்துக்கொண்டு மண்ணைத் துப்பிவிடும். பிடிக்காத இரையும் அப்படியே வெளியே வந்துவிடும்.

ஆனால் மீன் இரையைத் தேடி வரவேண்டுமே! அதற்கு இரையிலிருந்து ஏதாவது தண்ணீரில் கரைந்து பரவ வேண்டும். புரதத்தின் சிறு கூறுகளான அமினோ அமிலங்கள் அப்படிக் கரைபவை. கெண்டை அவற்றை நன்றாக உணரும். நமக்கு மணப்பதெல்லாம் மீனுக்கு மணக்கும் என்பதில்லை. தண்ணீரில் கரைவதுதான் அதற்கு மணம்.

தேங்காய்ப்பால் உறையும்போது

நம் ஊர்க் குளத்துத் தண்ணீர் ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே இங்கே உருண்டையிலிருந்து கசிந்து பரவும் தேங்காய்க் கொழுப்பு, 8 டிகிரி தண்ணீரில் மெழுகுபோல் இறுகி, மற்றச் சுவைகளையும் உள்ளேயே பூட்டி வைத்துவிடும்.

மீனும் மாறிவிடுகிறது. அதன் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தைப் பின்பற்றுவதால், குளிரில் செரிமானம் மந்தமாகிறது. கெண்டைக்கு இரைப்பையும் கிடையாது. தொண்டைப் பற்களால் நசுக்கிய உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. ஆகவே குளிர் நாட்டில் கொழுப்பு குறைந்த, எளிதில் கரையும் இரையைச் சிறிதளவே போட வேண்டும். வேகவைத்த சோளம், ரொட்டித் துண்டு போன்றவை போதும்.

எந்தக் கெண்டை, எங்கே மேயும்?

கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்காலும் சாதாக்கெண்டையும் அடித்தரையில். புல் கெண்டைக்குப் பெயரே விடை சொல்கிறது. பெருந்தலைக் கெண்டை நுண்ணுயிர் மிதவைகளை வடிகட்டித் தின்பது. அதன்முன் கெட்டியான உருண்டையைத் தொங்கவிட்டுப் பயனில்லை, தூளாக உதிர்ந்து புகைபோலப் பரவும் மாவு வேண்டும். பாங்காக்கின் புங்சம்ரான் ஏரியில் ரொட்டியையும் தவிட்டையும் பெரிய உருண்டையாகப் பிடித்துப் போடுவதும் இதனால்தான். அங்குள்ள சயாம் ராட்சதக் கெண்டை, கெண்டைக் குடும்பத்திலேயே மிகப் பெரியது. ஆனால் பெரும்பாலும் தின்பது பாசியும் மிதவைகளும். எனவே பயணத்துக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அங்கே என்ன மீன்?" என்பதே.

கடலை வாங்கும்போது

பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் கிடைக்கும் கொண்டைக்கடலையும் நல்ல இரைதான். ஆனால் ஊறாத கடலை மீனின் குடலுக்குள் போய் உப்பிவிடும். ராஜ்மா போன்ற பயறுகளில் நச்சுத்தன்மையுள்ள புரதம் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். இரவு முழுக்க ஊறவைத்து, விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை வேகவையுங்கள். பிடித்த மீனைத் திரும்ப விடும் குளங்களில் இது மீனின் உயிர்ப் பிரச்சினை. இங்கிலாந்தில் பல குளங்கள் கொட்டை வகைகளுக்குத் தடையே விதித்துள்ளன.

பெட்டியில் வைக்கும் முன்பும் யோசியுங்கள். மலேசியாவிலிருந்து இங்கிலாந்துக்கு இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுபோக அனுமதி இல்லை. பால்மாவு கலந்த இரை விமான நிலையத்தோடு நின்றுவிடும். போன இடத்தில் வாங்குவதே நல்லது.

அள்ளிப் போடாதீர்கள்

10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம்தான். மீன் தின்னாமல் விட்ட இரை அடியில் அழுகும்போது, நுண்ணுயிர்கள் அந்தக் கொஞ்ச உயிர்வளியையும் இழுத்துக்கொள்ளும். இரவில் பாசியும் செடிகளும் உயிர்வளி தராததால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். சில நேரம் செத்தும் மிதக்கும்.

ஆகவே குளிர் நாட்டில் மீனின் பசிக்காகவும், நம் ஊரில் குளத்தின் மூச்சுக்காகவும் இரையைக் குறைத்தே போட வேண்டும். ஒரு பிடி போடுங்கள். அது தீர்ந்தது தெரிந்த பிறகே அடுத்த பிடி.