வெயிலில் உறையும் பனி

எங்கள் அத்திப்பட்டில் கடற்காற்று வீசினாலும் வியர்வை காய்வதில்லை. இத்தகைய ஊருக்கு மேலே பறக்கும் சிறு விமானத்தின் எஞ்சினில் பனிக்கட்டி உறையும் என்றால் தோழியர் நகைப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

ஜெட் விமானங்களுக்கு இத்தொல்லை இல்லை. பெங்களூரில் உருவாகி 1958-இல் முதன்முதலாகப் பறந்த 'புஷ்பக்' விமானத்தை நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகள் பல ஆண்டுகள் பயிற்சிக்குப் பயன்படுத்தின. அதன் 90 குதிரைசக்தி எஞ்சினுக்கு, பழைய ஸ்கூட்டரைப் போலவே, கார்புரேட்டர் உண்டு. அதன் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாய்கிறது, பெட்ரோல் ஆவியாகிறது. ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருக்கிறதல்லவா? அதே காரணத்தால் உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூடக் குறையலாம். உடனே காற்றிலுள்ள ஈரம் உறைந்து வழியை அடைக்கிறது. ஆகவே குளிர்நாட்டவர் மட்டுமல்ல, ஈரக்காற்று வீசும் நம் கடற்கரையில் பறப்பவரும் அஞ்ச வேண்டும். தரையிறங்க எஞ்சின் வேகத்தைக் குறைக்கையில் ஆபத்து மிகுதி. பாதி மூடிய வழியை அடைக்கச் சிறிது பனியே போதும்.

இதற்கென விமானியின் முன் ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் புகைக்குழாயின் சூட்டில் காய்ந்த காற்று கார்புரேட்டருக்குள் வரும். பனி உருகி, நீர் உள்ளே போவதால் எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமும். பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிட்டால் வந்தது வினை! எஞ்சினே நின்றுவிட்டால் புகைக்குழாயும் ஆறிவிடும். பிறகு இழுத்துப் பயனில்லை. விழுந்த விமானத்தைச் சோதிக்க வருவோர் கைக்கு அந்தப் பனிக்கட்டி அகப்படுவது அரிது. அதற்குள் அது உருகிப் போயிருக்கும்.